துண்டின் பின்பக்கத்தில் மூன்று விலைகள்

கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் சிறிய மருந்தகம் ஒன்றில், கடந்த பதினொரு மாதங்களாக என் தாயாருக்கான குளிசைகளை வாங்கி வருகிறேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, அயலிலுள்ள மற்றக் கடைக்காரர்களோடு மனத்தாங்கல் வேண்டாம் என்று அதன் உரிமையாளரான மருந்தாளர் கேட்டுக்கொண்டார். ஆயினும் அங்கே என்ன நடக்கிறது என்பதை எழுதலாம் என்றும், அதைப் படித்துவிட்டு யாராவது தத்தமது கடையில் இதே கேள்விகளைக் கேட்டால் அதுவே போதும் என்றும் சொன்னார்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. சீனி வருத்தம், பிறஷர், கொலஸ்ரோல் மூன்றும் உண்டு. மாதம் ஒருமுறை அரச வைத்தியசாலைக் கிளினிக்கிற்குப் போய் இலவசமாக மருந்து எடுத்துவந்தவர்தான். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போய் அரச வைத்தியசாலைகள் எங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிளினிக் கொப்பியோடு வெளியில் வாங்கச் சொல்லும் துண்டுகளும் சேர்ந்து வரத் தொடங்கின. அப்போது பழகிய வெளிக்கடைப் பழக்கம் தட்டுப்பாடு தணிந்த பின்னரும் எங்களை விடவில்லை. தலைச்சுற்று வந்ததும், உறவினர் சொல்லைக் கேட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு நிபுணரையும் சனல் பண்ணி, அதாவது காசு கட்டித் தனியாராகப் பதிந்து, காட்டினோம். அவர் ஐந்து மருந்துகளை எழுதினார். ஐந்தும் வர்த்தகப் பெயர்கள். அன்று முதல் ஒரு வருடத்துக்கு மேலாக, வேறொரு கடையில், மாதம் 11,400 ரூபாய் வரையில் கட்டிவந்தேன். இப்போது நான் சொல்லும் கடையில் கட்டுவது 4,150 ரூபாய். நோயும் அதே நோய், வைத்தியரும் அதே வைத்தியர்.

அங்கே முதல்நாள் போனபோது நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்தாளர் நிபுணர் எழுதிய மருந்துத் துண்டை வாங்கினார். அலுமாரிப் பக்கம் திரும்பவில்லை. துண்டைப் புரட்டிப் பின்பக்கத்தில், ஒவ்வொரு வர்த்தகப் பெயருக்கும் நேரே, உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயரைத் தமிழில் எழுதினார்: மெட்ஃபோமின், லொசாட்டன், அற்றோர்வாஸ்ரற்றின், சிற்றாகிளிப்டின், எம்பாகிளிஃப்ளோசின். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடையில் இருப்பவற்றின் விலைகளை மூன்று நிரல்களில் எழுதினார். முதலாவது, வைத்தியர் எழுதிய பெயரிலேயே உள்ளது. இரண்டாவது, பெயர்பெற்ற இந்தியக் கொம்பனி ஒன்றின் ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறொரு கொம்பனி செய்தது. மூன்றாவது, உள்ளூர்த் தயாரிப்பு அல்லது அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தயாரிப்பு. மூன்றாவது நிரலில் இரண்டு இடங்கள் வெறுமையாக இருந்தன. எழுதி முடித்ததும் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

ஒரு கடைக்காரர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. அதற்கு முன்னர் வாங்கிய கடையில் ஒருமுறை, இதே மருந்து குறைந்த விலையில் உண்டா என்று கேட்டதற்கு, டொக்டர் எழுதினதைத்தான் தருவோம் என்ற பதில் கிடைத்தது. கேட்டதே பிழை என்பதுபோல் ஒரு பார்வையும் சேர்ந்து கிடைத்தது. உண்மையில், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அதாவது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கிய சட்டம், வைத்தியர் மருந்தின் பொதுப்பெயரை எழுதவேண்டும் என்றே சொல்கிறது. வர்த்தகப் பெயரையும் சேர்த்து எழுதலாம். அதை மட்டும் எழுதுவது முறையன்று. இந்த மருந்தாளர் துண்டின் பின்பக்கத்தில் செய்வது, முன்பக்கத்தில் இருந்திருக்க வேண்டியதை எழுதுவதுதான்.

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, விலை குறைஞ்சால் வேலை செய்யுமோ?"

"அம்மா, உள்ளுக்க இருக்கிற சாமான் ஒண்டுதான். மேல போட்டிருக்கிற சட்டைதான் வேற."

"அப்ப ஏன் இவ்வளவு காசு?"

"சட்டைக்குத்தான் அம்மா."

இந்தப் பதில் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது, எனக்கு இருக்கவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் கடையில் கூட்டம் குறைந்த நேரங்களில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பின்னர் நான் வாசித்துச் சரிபார்த்ததையும் சேர்த்தே மேற்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடித்த கொம்பனிக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு ஆக்கவுரிமை உண்டு. அந்தக் காலத்தில் வேறெவரும் அதைச் செய்து விற்க முடியாது என்பதால், விலையை அவர்கள் சொல்வதுதான். ஆராய்ச்சிக்கும் பரிசோதனைகளுக்கும் பெரும் பணம் செலவாகிறது என்பது உண்மை. ஆனால் விற்கும் விலை, செலவான பணத்தைப் பார்த்து மட்டும் வைக்கப்படுவதில்லை, நோயாளியாலோ அவருடைய அரசாங்கத்தாலோ எவ்வளவு தாங்க முடியும் என்பதைப் பார்த்தும் வைக்கப்படுகிறது. 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த, ஈரலழற்சி சி நோய்க்கான சொஃபொஸ்புவிர் மாத்திரை ஒன்றின் விலை அங்கே ஆயிரம் டொலர். பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டொலர். அதே மருந்து, உரிமம் பெற்ற இந்தியக் கொம்பனிகளால் செய்யப்பட்டபோது அதன் மிகச் சிறிய பங்குக்கு விற்கப்பட்டது.

அம்மாவின் ஐந்து மருந்துகளையும் இந்தக் கண்ணால் பார்த்தால் சங்கதி தெளிவாகும். மெட்ஃபோமின் 1957 முதல் பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு வரும் பழைய மருந்து. அதற்கு இன்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. லொசாட்டன் 1995இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அற்றோர்வாஸ்ரற்றினுக்கு அங்கே இருந்த பாதுகாப்பு 2011இல் முடிந்தது. ஆக, ஐந்தில் மூன்றுக்கு நான் கட்டிவந்த மேலதிகப் பணம் எந்த ஆராய்ச்சிக்கும் போகவில்லை. பெட்டியில் அச்சடித்த பெயருக்கும், அந்தப் பெயரை வைத்தியரின் நினைவில் நிறுத்துவதற்காகத் தோற்பையோடு வந்து வாசலில் காத்திருக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் போயிற்று. மற்ற இரண்டும் புதியவை. அவற்றில் எம்பாகிளிஃப்ளோசினின் கதை வேறு. இந்தியாவில் அதன் ஆக்கவுரிமை 2025 மார்ச்சில் முடிவடைந்தது. ஒரு மாத்திரை அறுபது இந்திய ரூபாய் அளவில் விற்றுக்கொண்டிருந்த இடத்தில், பத்து ரூபாய்க்கும் குறைந்த விலையில் பல கொம்பனிகள் அதைக் கொண்டுவந்து இறக்கின. அந்தச் சில நாட்களில் மருந்தைச் செய்யும் செலவு ஆறில் ஒன்றாகிவிடவில்லை. உரிமை முடிந்தது, அவ்வளவுதான்.

இவற்றுக்கு மேல் எங்கள் நாட்டுக்கென்று ஒரு சுமை இருக்கிறது. இலங்கையில் பாவிக்கப்படும் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. 2022இன் தொடக்கத்தில் இருநூறு ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. அந்த மார்ச்சில் மருந்துகளின் விலையை 29 சதவீதத்தாலும், ஏப்ரல் முடிவில் கட்டுப்பாட்டு விலைப் பட்டியலிலிருந்த அறுபது மருந்துகளின் விலையை மேலும் 40 சதவீதத்தாலும் கூட்ட அனுமதி கொடுக்கப்பட்டது. 2023 ஜூனில் அந்த அறுபதின் விலை 16 சதவீதத்தால் குறைக்கப்பட்டது. ஏறியது இரண்டு படி, இறங்கியது அரைப் படி.

ஆனாலும் டொலரைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது மருந்தாளரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது தெரிந்தெடுப்பதும் நாம், பேரம் பேசுவதும் நாம், காசு கொடுப்பதும் நாம். மருந்தில் தெரிந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். தெரிந்தெடுப்பவருக்கு விலை தெரியாது, காசு கொடுப்பவருக்குப் பொருள் தெரியாது. நடுவில் நிற்கும் கடைக்காரருக்கு இரண்டும் தெரியும், ஆனால் அவருடைய இலாபம் விலையின் ஒரு வீதமாக இருப்பதால், விலை கூடிய குளிசையை விற்பதுதான் அவருக்கு ஆதாயம். பத்துப் பெட்டி எடுத்தால் இரண்டு பெட்டி இலவசம் என்று விநியோகஸ்தர்கள் கொடுக்கும் சலுகையும் அதோடு சேர்ந்துகொள்ளும். அப்படியானால் நீங்கள் ஏன் மூன்று விலையையும் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். தர்மபுரத்திலிருந்தும் அக்கராயனிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறித் தன்னிடம் வருவது எதற்காக என்று நினைக்கிறீர்கள் என்று சிரித்தார். ஒரு துண்டில் குறைவதை ஆள் எண்ணிக்கையில் எடுக்கிறார். கணக்குத் தெரிந்த மனிதர். தியாகி என்று நான் அவரைச் சொல்லவில்லை.

கடையின் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், பேராசிரியர் சேனக பிபிலேயின் சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடைகளில் இலட்சுமியையும் வேளாங்கண்ணி மாதாவையும் பார்த்துப் பழகிய எனக்கு அது புதிதாக இருந்தது. பேராதனையில் மருந்தியல் கற்பித்த பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971இல் கொடுத்த அறிக்கையின் வழியே அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை ஏறத்தாழ அறுநூறாகக் குறைத்து, அவற்றைப் பொதுப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக ஒரே கையால் வாங்குவது என்பதுதான் திட்டம். வாங்குபவர் ஒருவராகவும் விற்பவர் பலராகவும் இருந்தால் விலை இறங்காமல் என்ன செய்யும்? 1977இல் பிபிலே இறந்தார். அதே ஆண்டில் ஆட்சி மாறியது, அதன் பின்னர் இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் கூட்டுத்தாபனமும் அதன் ஒசுசல கடைகளும் இன்றுவரை இருக்கின்றன. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரச மருத்துவமனைகளுக்காக மொத்தக் கொள்வனவு செய்வதும் இதே வழியில்தான். 2025 பெப்ரவரியில் அங்கே ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்ட பின்னர், சிகிச்சைக்காகத் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வரும் எங்களவர்கள் அங்கிருந்து பொதுப்பெயர் மருந்துகளைப் பையில் கொண்டுவருகிறார்கள். பெட்டியில்லாத அட்டைகளைக் கொண்டுவந்து இது என்ன குளிசை என்று இந்தக் கடையில் கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ரொறன்ரோவிலிருக்கும் என் தங்கை இதைக் கேட்டுவிட்டு வேறொரு கதை சொன்னாள். இன்சுலின் 1921இல் அவளுடைய நகரத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஏறத்தாழ நூறு வருடங்கள் கழித்து, 2019இல், அமெரிக்க நோயாளிகள் பஸ் பிடித்துக் கனடாவுக்கு வந்து இன்சுலின் வாங்கிக்கொண்டு போனார்கள். கனடாவில் ஆக்கவுரிமை உள்ள மருந்துகளின் விலையைப் பார்ப்பதற்கென்று 1987 முதல் ஒரு சபை இருக்கிறது. அமெரிக்காவிலோ, முதியோருக்கான அரச காப்புறுதித் திட்டம் மருந்துக் கொம்பனிகளோடு விலை பேசக்கூடாது என்று 2003இல் சட்டமே செய்திருந்தார்கள். 2022இல் அந்தத் தடையைத் தளர்த்தி, அத்திட்டத்திலிருப்பவர்களுக்கு இன்சுலினை மாதம் 35 டொலருக்கு மேற்படாமல் ஆக்கினார்கள். பேசித் தீர்க்கப்பட்ட முதல் பத்து மருந்துகளின் விலைகள் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அம்மா விழுங்கும் எம்பாகிளிஃப்ளோசினும் சிற்றாகிளிப்டினும் அந்தப் பத்துக்குள் இருக்கின்றன.

மலிவு என்றால் எல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து அரச வைத்தியசாலைகளுக்குள் வந்த விவகாரமும், அது தொடர்பாக 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதுசெய்யப்பட்டதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். விலை குறைந்த குளிசையைக் கண்டால் சனம் சந்தேகப்படுவதில் ஆச்சரியம் இல்லை. இந்த மருந்தாளரின் மீது எனக்கு மதிப்பு வந்தது அவர் மாற்றிக்கொடுத்த மருந்துகளால் அல்ல, மாற்ற மறுத்த ஒரு மருந்தால். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், தன் மகனின் வலிப்புக்கான குளிசையை மலிவான கொம்பனிக்கு மாற்றித் தரச் சொன்னார். மருந்தாளர் மாட்டேன் என்றுவிட்டார். வலிப்பு, தைரொயிட், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வாஃபரின் போன்றவற்றில் அளவு சிறிது கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து என்பதால், ஒத்துப்போன கொம்பனியை வைத்தியரைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

எங்கள் செலவு குறைந்ததில் பெரிய பங்கு விலைக்குரியதும் அல்ல. இரண்டாவது தடவை போனபோது, அம்மாவின் கிளினிக் கொப்பியை இதுவரை நான் காட்டவில்லையே என்று கேட்டு வாங்கிப் பார்த்தவர், சற்றுநேரம் பேசாமல் நின்றார். பிறகு கொப்பியிலிருந்த ஒரு வரியையும் நிபுணரின் துண்டிலிருந்த ஒரு வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டும் லொசாட்டன். ஒன்று அரச மருந்தகத்தின் கடதாசி உறையில் பொதுப்பெயரோடு வந்தது. மற்றது பளபளப்பான பெட்டியில் வேறு பெயரோடு வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அம்மா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். எந்தத் தலைச்சுற்றுக்காக நிபுணரிடம் போனோமோ, அது குறையாமல் கூடிக்கொண்டு போனது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மருந்தாளர் தானாக எதையும் நிறுத்தவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே வைத்தியரிடம் போங்கள் என்றார். வைத்தியர் ஒன்றை நிறுத்தினார். கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் மெட்ஃபோமினையும் அற்றோர்வாஸ்ரற்றினையும் வெளியில் வாங்கத் தேவையில்லை என்றும் அவரே சொன்னார். இப்போது கடையில் வாங்குவது புதிய மருந்துகள் இரண்டும், கிளினிக்கில் இல்லாத மாதங்களில் ஏதாவது ஒன்றும்தான்.

அட்டையிலிருந்து குளிசைகளை வெட்டிக் கொடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைகளில் கத்தரிக்கோல் எங்கே விழுகிறதோ அங்கே வெட்டுவார்கள். எங்கள் கைக்கு வரும் துண்டில் மருந்தின் பெயரில் பாதியும் காலாவதித் திகதியில் ஒன்றும் இருக்காது. இவர் திகதி அச்சடித்த ஓரத்தைக் கடையில் மிச்சமாகும் பகுதியோடு விட்டு வெட்டிவிட்டு, அந்தத் திகதியையும் தொகுதி இலக்கத்தையும் பொதுப்பெயரையும் கடதாசி உறையில் குமிழ்முனைப் பேனாவால் எழுதுகிறார். அதன் கீழே காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் கீறுகிறார். அம்மா எழுத்தைப் பார்ப்பதில்லை. பிறையைப் பார்த்துத்தான் போடுகிறார்.

குறைகளும் உண்டு. சரக்கு ஏ-9 வழியே கொழும்பிலிருந்து வரவேண்டியிருப்பதால், மூன்றாவது நிரலிலுள்ள மலிவான மருந்து பல தடவைகளில் தீர்ந்துபோயிருக்கும். நான்கு தடவைகளில் ஒரு தடவையாவது இரண்டாவது நிரலுக்குத்தான் காசு கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு துண்டையும் புரட்டி எழுதுவதால் காலை வேளையில் முக்கால் மணித்தியாலம் நிற்க நேரிடும், உட்கார வாங்கு ஒன்றுதான் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி பழையது. மின்வெட்டு நீண்டால் இன்சுலினுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அன்றைய தினம் விற்பதில்லை என்றார். நேர்மையான பதில், ஆனால் ஊசி தேவைப்படுபவருக்கு அதனால் பயனில்லை. இன்வேட்டர் வாங்கும் எண்ணம் இருக்கிறதாம். பெரும்போக நெல் விற்ற பிறகு கடன் கொப்பியிலிருப்பவர்கள் கட்டினால் பார்க்கலாம் என்கிறார். பனடோல் அட்டைக்குக்கூடத் தடையும் கட்டுப்பாடும் இருந்த காலத்தை வன்னிக்குள் கழித்தவர்களுக்கு மருந்தைக் கடனுக்குக் கொடுக்கும் ஒருவர் எவ்வளவு பெரியவர் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. என்றாலும், அந்தக் கொப்பியின் தடிப்பைப் பார்த்தால் இன்வேட்டர் இந்த வருடம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையில் இருப்பதில்லை, அன்று உதவிக்கு நிற்கும் பையன் பால்மாவும் பிளாஸ்ரரும் மட்டுமே விற்பான், துண்டுக்கு மருந்து எடுக்க மாட்டான். சனிக்கிழமை பிற்பகலில் கூட்டம் குறைவு. கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். போன மாதம் நான் அதை மறந்துபோய் வெறும் துண்டோடு நின்றபோது, பதினொரு மாத வாடிக்கையாளன் என்றும் பார்க்காமல் என்னை வட்டக்கச்சியிலுள்ள வீடு வரைக்கும் திருப்பி அனுப்பினார். மோட்டார் சைக்கிளில் போய் எடுத்துக்கொண்டு வந்த பிறகே துண்டைப் புரட்டினார்.